கைக்குள் அடங்கும் காமிராவும் கடைக்காரர் குடும்பமும்

பேரேடுகளைப் பத்திரப்படுத்துவதில் வணிகர்களுக்கு இணையானவர்கள் இல்லை. பாட்டனார் காலத்துச் சிட்டா, மஞ்சள் தடவிய முதல் பக்கம், பிள்ளையார் சுழி, அன்றைய துவரம் பருப்பு விலை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற விவரம் எல்லாம் துணியில் சுற்றிப் பரணில் கிடக்கும். ஆனால் அந்தக் கணக்கை எழுதிய பாட்டனார் எப்படிப் பேசுவார், தராசை எந்தக் கையில் பிடிப்பார், கடன் கேட்டு வந்தவரிடம் எப்படிச் சிரித்துக்கொண்டே இல்லையென்று சொல்வார் என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஸ்டூடியோவில் நாற்காலி போட்டு எடுத்த ஒரே ஒரு படம் மாலையுடன் சுவரில் தொங்குகிறது. அந்தப் படத்தில் அவர் கடைக்காரராகவே இல்லை. இரவல் கோட்டு அணிந்த யாரோ ஒருவராக இருக்கிறார்.

இப்போது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய காமிராக்கள் வந்துவிட்டன. 'ஆக்‌ஷன் காமிரா' என்று பெயர். மார்பில் கட்டலாம், தலையில் மாட்டலாம், அலமாரி விளிம்பில் கவ்வ வைக்கலாம். நீரில் விழுந்தாலும் கெடாதவை பல. மலையேறுபவர்களுக்கும் கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கும் என்று செய்யப்பட்ட இந்தப் பொருள், இன்று குழந்தை நடை பழகுவதையும் குடும்பத்தோடு ஊருக்குப் போவதையும் எடுக்கப் பயன்படுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது, வாங்கலாமா, வாங்கினால் எதை எடுப்பது, எங்கே நிறுத்திக் கொள்வது என்று வணிகர் பார்வையில் சற்று அலசுவோம்.

லியோன் நகரத்து வணிகர் வீடு

குடும்பத்தைப் படம் பிடிப்பது புதிய பழக்கம் அல்ல. சினிமா பிறந்த நாளிலேயே அது இருந்தது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் புகைப்படத் தகடு தயாரிக்கும் தொழிற்சாலை நடத்தி வந்தார்கள். தந்தை அந்துவான் ஓவியராக இருந்து புகைப்படத் தொழிலுக்கு மாறியவர். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் பத்துச் சிறு படங்களைத் திரையிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

அந்தப் பத்தில் ஒன்று, அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியே வரும் காட்சி. இன்னொன்று, மூத்தவர் ஒகுஸ்த் தம் மனைவியோடு மேஜையில் அமர்ந்து கைக்குழந்தைக்கு உணவு ஊட்டும் காட்சி. அதாவது உலகம் முதலில் பார்த்த படங்களில் ஒரு தொழில் குடும்பத்தின் பட்டறையும் இருந்தது, வீடும் இருந்தது. ராஜாவையும் ராணியையும் தேடி அவர்கள் போகவில்லை. கண்ணெதிரே இருந்ததை எடுத்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் குழந்தை சாப்பிடுவதை இன்றும் பார்க்க முடிகிறது.

மூன்று நிமிட ஃபிலிம், மூன்று மணி நேரக் கேசட்

வீட்டுக்காரர்களே படம் எடுக்கும்படியான காமிராவைக் கோடாக் நிறுவனம் 1923-ல் 16 மி.மீ. ஃபிலிமுடன் கொண்டு வந்தது. விலை மலிந்த 8 மி.மீ. 1932-ல் வந்தது. 1965-ல் 'சூப்பர் 8' வந்தது. அதன் ஒரு சுருளில் 50 அடி ஃபிலிம் இருக்கும். ஓட்டினால் மூன்று நிமிடம் 20 விநாடி வரும். ஃபிலிமுக்கும் காசு, கழுவவும் காசு. ஆகவே எடுப்பவர் யோசித்து எடுத்தார். பிறந்த நாளா, முதல் நாள் பள்ளியா, கடற்கரையா என்று தேர்ந்தெடுத்தார்.

பிறகு வீடியோ வந்தது. ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். கேசட் 1976-லும், சோனி நிறுவனத்தின் 'ஹேண்டிகேம்' 1985-லும் சந்தைக்கு வந்தன. நம் ஊர்களில் கல்யாண வீடியோ பரவியது எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும்தான். தோளில் பெரிய காமிராவும் பக்கத்தில் கண்கூசும் லைட்டைப் பிடித்த பையனுமாக வீடியோக்காரர் மணவறையை மறைத்துக்கொண்டு நிற்பார். பந்தியில் ஒவ்வொரு இலையாகப் போய், வாயில் சோற்றை வைக்கும் நேரமாகப் பார்த்து நம்மைப் பிடிப்பார். கேசட்டில் இதய வடிவத்துக்குள் மணமக்கள் சுழன்று வருவார்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடுவதால் யார் பேசிய வார்த்தையும் காதில் விழாது.

அந்தக் கேசட்டுகளைப் பற்றி அவசரமாக ஒரு செய்தி சொல்ல வேண்டும். காந்தப் பூச்சு காலப்போக்கில் வலுவிழக்கும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைவிட முக்கியம், போட்டுப் பார்க்கும் டெக்கே மறைந்து வருகிறது. வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. பெட்டியில் கேசட் வைத்திருப்பவர்கள் அதைக் கம்ப்யூட்டர் பதிவாக மாற்றித் தரும் கடை இருக்கும்போதே கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். புதுக் காமிரா வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இதுதான். மறைந்த தாய் தந்தையர் நடமாடும் ஒரே பதிவு அந்தக் கேசட்டில் இருக்கலாம்.

அந்தக் காலத்துக் காமிராக்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. எடுப்பவர் படத்தில் இருக்க மாட்டார். வணிகர் வீட்டில் இன்னொரு குறையும் சேரும். விடிகாலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறக்குபவர், வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். பிள்ளையின் பிறந்த நாள் படத்தில் அத்தை, மாமா, பக்கத்து வீட்டார் எல்லோரும் இருப்பார்கள். கேக்குக்கும் பலூனுக்கும் பணம் கொடுத்தவர் மட்டும் கல்லாவில் இருப்பார்.

பெல்ட் விற்று முதல் சேர்த்தவர்

இன்றைய சிறு காமிராவின் கதை ஒரு சில்லறை வியாபாரத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த நிக் வுட்மன் என்பவர் முதலில் இன்டர்நெட் தொழிலில் இறங்கி, 2001 வாக்கில் முதலீட்டாளர்களின் பணத்தோடு தோற்றவர். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் 2002-ல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்கு விளையாடப் போனார். அலைமேல் போகும்போது தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கரையில் நின்று எடுப்பவர்களின் காமிராவோ தூரத்தில் ஒரு புள்ளியைத்தான் காட்டியது. காமிராவை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள நல்ல பட்டை இருந்தால் போதுமே என்று நினைத்தார்.

கையில் முதல் வேண்டுமல்லவா? பாலித் தீவில் மணியும் சோழியும் கோத்த பெல்ட்டுகளை இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் வாங்கினார். தம் பழைய வேனில் போட்டுக்கொண்டு கலிஃபோர்னியாக் கடற்கரை ஊர்களில் அறுபது டாலர் வரைக்கும் விற்றார். பின்னாளில் அவர் மனைவியான பெண் உடன் நின்று விற்றார். தாயார் 35,000 டாலர் கடனும் தம் தையல் இயந்திரத்தையும் கொடுத்தார். பட்டையை அவரே தைத்துத் தைத்துப் பார்த்தார். தந்தை முதலீட்டு வங்கித் தொழிலில் இருந்த வசதியானவர். அவரும் இரண்டு லட்சம் டாலர் போட்டார். ஆகவே இதை வெறுங்கையால் முழம் போட்ட கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் வேனில் நின்று பெல்ட் விற்ற அனுபவம் அவருக்கு உதவியது என்பதில் சந்தேகமில்லை. எந்தப் பொருளை யார் என்ன விலைக்கு வாங்குவார் என்பதை அங்கே கற்றார்.

2004-ல் 'ஹீரோ' என்ற பெயரில் முதல் காமிரா விற்பனைக்கு வந்தது. சீனாவில் செய்த சாதாரண 35 மி.மீ. ஃபிலிம் காமிரா அது. பட்டையும் உறையும்தான் விசேஷம். ஒரு விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று 100 காமிராவுக்கு ஆர்டர் கொடுத்தது. அதுதான் போணி. 2006-ல் வந்த டிஜிட்டல் மாடல் ஒரே தடவையில் பத்து விநாடி வீடியோ மட்டும் எடுக்கும், ஒலி கிடையாது. 2010 வாக்கில் முழுத் தெளிவு வீடியோ எடுக்கும் மாடல் வந்த பிறகுதான் 'கோப்ரோ' என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. 2012 அக்டோபர் 14 அன்று ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பாராசூட்டில் குதித்தபோது அவருடன் இந்தக் காமிராக்களும் குதித்தன.

ஒரே தடவை வாங்கும் சரக்கு

2014 ஜூனில் கோப்ரோ பங்கு 24 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. அதே அக்டோபரில் 90 டாலரைத் தாண்டியது. 2025-ன் முற்பகுதியில் அதே பங்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. இடையில் என்ன நடந்தது என்பதை மளிகைக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

நம்மிடம் துவரம் பருப்பு வாங்குபவர் அடுத்த மாதமும் வருவார். உப்பும் புளியும் தீர்ந்து போகும். காமிரா தீர்ந்து போகாது. ஒருவர் ஒன்று வாங்கினால் நான்கைந்து ஆண்டுக்குத் திரும்ப வர மாட்டார். புது மாடலுக்கும் பழைய மாடலுக்கும் பெரிய வேறுபாடு தெரியாவிட்டால் வரவே மாட்டார். அதற்குள் செல்போன் காமிராக்கள் தேறிவிட்டன. அந்த நிறுவனம் 2016-ல் பறக்கும் டிரோன் ஒன்றைக் கொண்டு வந்தது. பறக்கும்போதே மின்சாரம் துண்டிக்கப்பட்டு விழுந்ததால் சுமார் 2,500 டிரோன்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2018-ல் அந்தத் தொழிலையே விட்டது. போட்டியும் வந்தது. சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனம் 2019-ல் முன்னும் பின்னும் திரை வைத்த ஆக்‌ஷன் காமிராவை இறக்கியது. அதே ஆண்டு இன்ஸ்டா360 நிறுவனம் இருபது கிராமுக்கும் குறைந்த எடையில், காந்தத்தால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் காமிராவைக் கொண்டு வந்தது.

கோப்ரோ பிழைத்து நிற்பதற்கு ஒரு காரணம் மாதச் சந்தா. எடுத்த படங்களைத் தன் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்துத் தருவதற்குச் சந்தா வாங்குகிறது. 2023 முடிவில் சுமார் 25 லட்சம் பேர் சந்தாதாரர்கள். சரக்கு ஒரு தடவைதான் விற்கும் என்று தெரிந்ததும் மாத வாடிக்கையைத் தேடிக்கொண்டார்கள்.

இதைவிடக் கசப்பான கதை 'ஃபிளிப்' காமிராவுடையது. ஒரே பொத்தானை அழுத்தினால் வீடியோ எடுக்கும் அந்தச் சிறு காமிரா அமெரிக்கக் குடும்பங்களில் நன்றாக விற்றது. 2009-ல் சிஸ்கோ நிறுவனம் அதைத் தயாரித்த கம்பெனியைச் சுமார் 59 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. 2011 ஏப்ரலில், இரண்டே ஆண்டில், மூடிவிட்டது. செல்போன் வந்து சாப்பிட்ட முதல் சரக்குகளில் அது ஒன்று. எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர்கள் இதை நினைவில் கொண்டு, இந்த வகைக் காமிராக்களைக் குவித்து இருப்பு வைக்காமல், மெமரி கார்டு, பேட்டரி, கவ்வி, பட்டை போன்ற துணைச் சாமான்களில் கவனம் வைப்பது நல்லது. திரும்பத் திரும்ப விற்பவை அவைதான்.

குடும்பத்துக்கு இதனால் என்ன லாபம்?

செல்போன் இருக்கும்போது தனிக் காமிரா எதற்கு என்ற கேள்வி நியாயமானது. உட்கார்ந்த இடத்தில் எடுப்பதற்குச் செல்போனே போதும். சிறு காமிராவின் பயன் மூன்று. கை இரண்டும் சும்மா இருக்கும். எடுக்கும் ஆளும் நிகழ்ச்சியில் கலந்துகொள்ளலாம். காமிரா இருப்பதையே சிறிது நேரத்தில் எல்லோரும் மறந்து இயல்பாகிவிடுவார்கள்.

இந்த வேறுபாடு சிறியது அல்ல. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆசிரியை, மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று ஒரு சோதனை செய்தார். சில பொருள்களைப் படம் எடுக்கவும், சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்கள் பார்த்த பொருள்களைவிடக் குறைவாகவே நினைவில் நின்றன. காமிரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஒதுங்கிவிடுகிறது போலும். பேரன் மொட்டை அடித்துக் காது குத்தும்போது செல்போன் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கும் தாத்தாக்களுக்கு இது பொருந்தும். காமிராவைச் சுவரோரமாக வைத்துவிட்டுப் பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையின் கண்ணிலிருந்து வீடு எப்படித் தெரியும் என்பதையும் இச்சிறு காமிராக்கள் காட்டியிருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் சிலர் மூன்று குழந்தைகளின் தலையில் சிறு காமிராவை மாட்டி, ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரை வாரம் சுமார் இரண்டு மணி நேரம் எடுத்தார்கள். மொத்தம் 400 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒரு குழந்தையின் பதிவில் 61 மணி நேரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, பந்து, தொட்டில் போன்ற சொற்களுக்கு உரிய பொருளை அது தானே அடையாளம் காணக் கற்றுக்கொண்டதாக நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 2024-ல் அறிவித்தார்கள். அந்த 61 மணி நேரம் குழந்தை விழித்திருந்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்குதான்.

அதற்கு முன்பே, 2005 முதல், டெப் ராய் என்ற பேராசிரியர் தம் வீட்டுக் கூரையில் 11 காமிராவும் 14 மைக்கும் பொருத்தித் தம் மகன் பேச்சுக் கற்பதை ஏறக்குறைய மூன்று ஆண்டு பதிவு செய்தார். வீடியோ மட்டும் 90,000 மணி நேரம். 'தண்ணீர்' என்ற சொல் வீட்டில் எங்கே அதிகம் புழங்கியது என்று பார்த்தால் சமையலறை. 'போய் வருகிறேன்' என்பது வாசற்பக்கம். சொல் இடத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கடைக்குள் வளரும் குழந்தை எந்தச் சொல்லை முதலில் பிடித்தது என்று நம் வீடுகளில் யார் குறித்து வைத்தோம்?

கடையில் எடுக்க வேண்டியவை

வணிகர் குடும்பத்தில் பாதி வாழ்க்கை கடையில் நடக்கிறது. ஆகவே வீட்டு விசேஷங்களோடு கடையையும் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சிலவற்றைச் சொல்கிறேன்.

காலையில் கடை திறப்பது. பூட்டைத் தொட்டுக் கும்பிடுவது, வாசல் தெளிப்பது, சாம்பிராணி காட்டுவது, முதல் போணிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவது. இதை ஒரு நாள், முழுதாக.

கைவேலைகள். காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலம் மடித்துச் சணல் கட்டுவது, குத்தூசியால் மூட்டையைக் குத்தி அரிசி பார்ப்பது, மிளகாய் வற்றலை உடைத்து விதையைப் பார்ப்பது, வெல்லத்தைக் கிள்ளி ருசி பார்ப்பது. மார்பில் கட்டிய காமிரா, செய்பவரின் கையை அவர் பார்ப்பது போலவே காட்டும். பிளாஸ்டிக் பாக்கெட் வந்த பிறகு பொட்டலம் மடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அடுத்த தலைமுறை பார்த்துக் கற்க இனி இந்தப் பதிவுதான் இருக்கும்.

மனக்கணக்கு. இருபது சாமான் வாங்கியவருக்குத் துண்டுச் சீட்டில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக் கூட்டிச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீசம், அரைக்கால், மாகாணி வாய்பாடு சொல்லத் தெரிந்தவர்களும் சிலர் உண்டு. அவர்களைப் பேச வையுங்கள்.

ஆயுத பூஜை. தராசு, படிக்கல், முகத்தலளவைப் படி, பேரேடு எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் நாள். குடும்பம், வேலையாட்கள், கடை மூன்றும் ஒரே படத்தில் அமையும் நாள் அது ஒன்றுதான்.

பெரியவர்களின் பேச்சு. கடை எப்படித் தொடங்கியது, முதலில் கடன் கொடுத்த மண்டிக்காரர் யார், எந்த ஆண்டு நஷ்டம், எப்படி மீண்டோம் என்று பதினைந்து நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஞாயிறு மதியம் கடை மூடியபின் செய்யலாம். இதற்குச் செல்போனே போதும்.

வாங்கும் முன் ஒரு கணக்கு

பெயர் பெற்ற நிறுவனங்களின் புதிய மாடல் சுமார் ரூ.30,000 முதல் ரூ.50,000 வரை ஆகிறது. ஆண்டுக்கு ஒரு சுற்றுலாவுக்காக மட்டும் என்றால் வேண்டாம். தவணையில் வாங்குவது அறவே வேண்டாம். முந்தைய மாடல் பாதி விலைக்குக் கிடைத்தால் குடும்பத்துக்கு அதுவே தாராளம். நடக்கும்போது படம் குலுங்காமல் இருக்கும் வசதி 2018-க்குப் பிறகு வந்த மாடல்களில் நன்றாகத் தேறியிருக்கிறது. அதை மட்டும் கவனித்து வாங்கலாம்.

காமிராவுக்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பொருளைக் கடைப் பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரி எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த வரவு கிடையாது என்று 17(5) பிரிவு சொல்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்காகப் பின்னாளில் வட்டியும் அபராதமும் கட்ட வேண்டாம்.

அடுத்து கொள்ளளவு. 4கே தரத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால் சுமார் 25 முதல் 45 ஜி.பி. இடம் பிடிக்கும். வாரம் இரண்டு மணி நேரம் எடுப்பவருக்கு ஆண்டில் நூறு மணி நேரம் சேரும். 2,500 முதல் 4,500 ஜி.பி. வரை வேண்டும். அதைப் பார்க்க யாருக்கு நேரம்? வாரம் ஐந்து நிமிடம் என்று வரம்பு வைத்தால் ஆண்டுக்கு 260 நிமிடம், 200 ஜி.பி.க்குள் அடங்கும். ஆயிரம் ஜி.பி. டிஸ்க் ஒன்று ஐந்தாண்டுக்கு வரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கும் பொருந்தும்.

எடுத்ததை இருப்புக் கணக்கில் ஏற்ற வேண்டும். தேதி, ஊர், நிகழ்ச்சி, யார் யார் என்று எழுதிப் பெயர் வைக்காத வீடியோ, சீட்டு ஒட்டாமல் குடோனில் போட்ட மூட்டை. பத்து ஆண்டு கழித்து அது கடுகா கசகசாவா என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நோட்டில் எழுதினாலும் போதும். மூன்று பிரதி வைக்க வேண்டும், அவை இரண்டு வகைக் கருவியில் இருக்க வேண்டும், ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் கடைப்பிடிக்கும் விதி. ஒரே குடோனில் மொத்த முதலையும் வைக்காதவர்களுக்கு இதன் நியாயம் விளங்கும். மெமரி கார்டை நிரந்தரச் சேமிப்பாக நினைக்கக் கூடாது. அது சரக்கை இறக்கும் வரைக்குமான வண்டி.

எங்கே நிறுத்துவது?

மார்பில் காமிரா இருந்தால் எதிரில் வருபவர் எல்லோரும் படத்தில் வருவார்கள். கடையில் இதை மறக்கக் கூடாது. கடன் சொல்லிச் சாமான் வாங்க வந்த அம்மா, சம்பளத்தில் முன்பணம் கேட்கும் வேலையாள், இவர்கள் நம்மை நம்பி வந்தவர்கள். அவர்களுடைய சங்கடம் நம் வீட்டுப் பொழுதுபோக்கு ஆகலாகாது. கடை வேலை நேரத்தில் எடுப்பதானால் முன்கூட்டிச் சொல்லி, சரி என்றால் எடுங்கள். கல்லா திறந்திருக்கும்போதும், குடோன் பூட்டு, காமிரா பொருத்திய இடங்கள் தெரியும்படியும் எடுத்து வெளியே அனுப்ப வேண்டாம். குடும்பத்தோடு ஊரில் இல்லாதபோது அந்தப் பயணப் படங்களை அன்றன்றே இன்டர்நெட்டில் போடுவது, வீடு பூட்டியிருக்கிறது என்று பலகை எழுதி மாட்டுவதற்குச் சமம்.

கோயில்களில் செல்போன் கொண்டு செல்வதைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சட்டையில் ஒட்டும் காமிரா சிறியது, யாருக்கும் தெரியாது என்று சன்னிதிக்குள் போவது முறையல்ல.

முக்கியமானது பிள்ளைகள் விஷயம். வீட்டுக்குள் பார்ப்பதற்கு எடுப்பது வேறு, ஊருக்குக் காட்டுவதற்கு எடுப்பது வேறு. 2023-ல் இயற்றப்பட்ட நம் நாட்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்குச் செய்வதை விலக்கி வைத்து, மற்றதற்குத்தான் விதி வகுக்கிறது. குழந்தை அழுவது, அடி வாங்குவது, மார்க் குறைந்து நிற்பது போன்றவற்றைப் போட்டுப் பார்வையாளர் சேர்க்கும் பெற்றோர் பெருகிவிட்டனர். சிலருக்கு அதில் வருமானமும் வருகிறது. பிரான்ஸ் நாடு 2020-ல் சட்டம் செய்து, 16 வயதுக்குட்பட்ட குழந்தை வீடியோவில் ஈட்டும் பணத்தை அது வளரும் வரை அரசு நிதி நிறுவனத்தில் போட்டு வைக்கச் சொன்னது. 2024-ல் இன்னொரு சட்டத்தால் குழந்தையின் உருவ உரிமையைக் காப்பது பெற்றோர் கடமை என்றது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 2024 ஜூலை 1 முதல், குழந்தைக்குரிய பங்கை ஒதுக்கி வைக்காத பெற்றோர் மீது அந்தக் குழந்தை வளர்ந்தபின் வழக்குப் போடலாம் என்று விதித்திருக்கிறது. கூட்டு வியாபாரத்தில் பங்காளிக்குப் பங்கு கொடுக்காமல் இருக்க முடியுமா? சிறு பிள்ளை என்பதால் கணக்கு மாறாது.

வீட்டுக்குள் எடுத்ததையும் பிள்ளை வளர்ந்தபின் ஒரு தடவை காட்டி, எதை வைப்பது, எதை அழிப்பது என்று கேட்டுவிடுவது நல்லது. குளிப்பாட்டும் படத்தைக் கல்யாண மண்டபத் திரையில் போட்டு எல்லோரும் சிரிப்பது பெரியவர்களுக்கு வேடிக்கை. மணமகனுக்கு அப்படி இருக்காது.

ஆகவே வணிக நண்பர்களுக்கு என் யோசனை இது. முதலில் பழைய கேசட்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து, கையில் இருக்கும் செல்போனில் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். இரண்டும் முடிந்தபின் காமிரா வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வாங்கினால் வாரம் ஐந்து நிமிடம், பெயர் எழுதி, மூன்று பிரதி. வரும் ஆயுத பூஜை அன்று காமிராவைத் தராசுக்கு எதிரே உள்ள அலமாரியில் பொருத்தி விட்டு, கடை முதலாளி வேலையாட்களோடும் பிள்ளைகளோடும் சேர்ந்து நிற்கட்டும். அன்றைய பூஜைச் செலவைப் பேரேட்டில் எழுதும்போது, படம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதையும் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டால், பின்னால் வருபவர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள்.